களி தின்ற கெண்டை

ஆத்துக்கொட்டாய் புதுக் குடியிருப்பு,
கிருஷ்ணகிரி தாலுகா, சேலம் ஜில்லா.

கடிதத்தின் தலையில் தேதி போட வேண்டும் என்று பஷீர் அஹமது பாய் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். எனக்குத் தேதி தெரியாது. இப்படி எழுதச் சொன்னேன்: புதுப் பைசா வந்து, அணாவுக்கு எத்தனை பைசா என்று சந்தையில் எல்லாரும் அடித்துக்கொண்டார்களே, அதற்கு அடுத்த வருஷம். அணையின் மதகை இறக்கி, நம் ஊர்மேல் தண்ணீர் ஏறிய பிறகு வந்த முதல் ஆவணி. மாட்டுக்கு வாய்நோய் என்று மத்தூர் சந்தைக்கு வண்டி கட்ட வேண்டாமென்று தமுக்கடித்த மாதம். இதைவிடச் சரியாக எந்தக் காலண்டர் சொல்லும் என்று கேட்டேன். பாய் சிரித்துக்கொண்டே மூலையில் என்னமோ எண்ணும் போட்டுவிட்டார்.

மாரிக்குப்பம் தங்கச் சுரங்க லைனில் இருக்கும் மச்சான் ராமப்பனுக்கு, கரியப்பன் சொல்லச் சொல்ல எழுதியது. நாங்கள் இருவரும் நடமாட்டத்தில் இருக்கிறோம். உன் இருமல் எப்படி என்பதை அடுத்த கடிதத்தில் முதல் வரியிலேயே எழுது. எல்லாம் எழுதிவிட்டுக் கடைசியில் ‘இருமலும் உண்டு’ என்று போடுகிறாய். அது என்ன, கடையில் கொசுறு கேட்கிற மாதிரி?

எழுதித் தரும் பாயை உனக்குத் தெரியும். நம் ஊரில் தையல் மெஷின் போட்டிருந்தவர். இங்கேயும் எங்களுக்கு இரண்டு வீடு தள்ளித்தான். நான் ‘நீ’ என்று சொன்னால் அவர் ‘தாங்கள்’ என்று எழுதுகிறார். “காயிதத்துல மரியாதி இருக்கணும் பெரியவரே” என்கிறார். “அவன் என் மச்சான். திடீர்னு மரியாதி குடுத்தா, ஊட்டுல யாருக்கோ என்னமோ ஆயிப்போச்சுன்னு பயந்துக்குவான்” என்றேன். அதன் பிறகு நீ என்றே எழுதுகிறார்.

குப்பம் பஸ் கண்டக்டர் சம்பங்கி கையில் நீ கொடுத்தனுப்பிய சிகரெட் டப்பா வந்தது. தூண்டில் முட்கள், நூல், ஈயம் எல்லாம் பத்திரம். பேத்தமங்கலம் ஏரியில் ஞாயிற்றுக்கிழமைகளில் நீ தூண்டில் போடுகிறாய் என்று முன்பு கேள்விப்பட்டபோது, பூமிக்குள் வேலை பார்த்தவன் வெயிலுக்காகப் போய் உட்காருகிறான் என்றுதான் நினைத்தேன். இப்போது உன் வித்தை எனக்கு வேண்டியிருக்கிறது.

எதற்கு என்று சொல்லிவிடுகிறேன். உன் தங்கச்சி சென்னம்மாவுக்கு மாலைக்கண். போன கடிதத்தில் ‘கண் கொஞ்சம் மங்கல்’ என்று எழுதச் சொன்னேன். கொஞ்சம் இல்லை. பகலில் உட்கார்ந்து தானியத்தில் கல் பொறுக்குகிறாள். பொழுது சாய்ந்தால் சுவரைத் தடவுகிறாள். கிருஷ்ணகிரி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். டாக்டர் இமையைப் பிதுக்கிப் பார்த்துவிட்டு, உடம்பில் சத்து இல்லாமல் வந்தது, மருந்து தருகிறேன், அதோடு கீரை, ஈரல், மீன் மூன்றில் எது கிடைத்தாலும் விடாமல் கொடு என்றார். மருந்தை அவள் குடித்த மறுகணமே வாந்தி எடுத்தாள். நர்ஸ் ஜோதியம்மாள் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, இப்படியே விட்டால் கருவிழியில் வெள்ளை விழும், விழுந்தால் திரும்பாது என்று சொன்னார்.

கீரைக்கு எங்கே போவேன்? புது இடம், வெறும் கல்லாங்குத்து. முருங்கைப் போத்து நட்டிருக்கிறேன், இன்னும் துளிர் விடவில்லை. இடம் மாறும்போதே பசுவை விற்றாயிற்று. ஈரல் சந்தை நாளில் மட்டும்தான். நான் போய் நிற்பதற்குள் ஓட்டல்காரன் எடுத்துக்கொண்டு போய்விடுகிறான். வலைக்காரர்கள் பிடிக்கிற மீனெல்லாம் கூடையோடு பெங்களூர் லாரியில் ஏறிவிடுகிறது. ஆனால் தண்ணீர் என் கண்ணெதிரே கிடக்கிறது. அதனால் இந்த வயதில் தூண்டில் பிடிக்கக் கிளம்பினேன்.

முள்ளுக்குக் காது இல்லை என்று நீ சொல்லி அனுப்பவில்லை. ஊசி மாதிரி ஓட்டை இருக்கும், கோர்க்கலாம் என்று தேடித் தேடிப் பார்த்தேன். தட்டை வால்தான் இருக்கிறது. சரி என்று, மாட்டுக்குத் தலைக்கயிறு போடுகிற முடிச்சைப் போட்டேன். எந்தக் காளையும் அவிழ்க்காத முடிச்சு அது. முள் அவிழ்த்துக்கொண்டது. பாய்தான் வாங்கிப் பார்த்தார். கோட்டுப் பொத்தானின் அடியில் காம்பு மாதிரி நூல் சுற்றுவார்களே, அதுபோல நூலை மடித்து முள்ளின் தண்டோடு சேர்த்து வைத்து, அதன்மேலேயே நெருக்கி நெருக்கிச் சுற்றி, முனையை மடிப்புக்குள் விட்டு, எச்சில் தொட்டு இழுத்தார். இழுக்க இழுக்க இறுகுகிறது. “இவ்ளோ சின்ன கோட்டுக்கு நான் பொத்தான் வெச்சதே இல்ல” என்றார்.

கழிக்கு மூங்கில் கிடைத்தது, ஜவளகிரிக் காட்டிலிருந்து வீடு கட்ட வந்த மூங்கில் கட்டுக்குள்ளிருந்து ஒன்று. நுனி வளைய வேண்டும் என்று நீ எழுதியிருந்தாய். பெருத்ததைத் தள்ளிவிட்டு ஒல்லியாகப் பார்த்து எடுத்து, கணுவைச் சீவி, நெருப்பில் வாட்டி நிமிர்த்தினேன். தக்கைக்குச் சோளத்தட்டை. தோலை உரித்துவிட்டு உள்ளே இருக்கிற நெட்டியை விரல் நீளம் வெட்டிக் கட்டினேன். ஈயத்தைப் பல்லால் கடித்து நூலில் பதிக்கச் சொல்லியிருக்கிறாய். எனக்குப் பல் எங்கே இருக்கிறது? அம்மிக் குழவியால் நசுக்கினேன்.

கல் கட்டி இறக்கி ஆழம் பார், அதற்குத் தக்கபடி தக்கையை ஏற்றி இறக்கு என்று எழுதியிருந்தாய். அதற்கு மட்டும் எனக்கு நீ வேண்டியதில்லை. நான் உட்காருகிற இடம் நம் பழைய வண்டிப்பாட்டை தண்ணீருக்குள் இறங்குகிற இடம். அதற்கு அப்பால் நம் மேட்டுக்காடு. அதன் வரப்பில் நின்ற நாவல் மரத்தின் தலை இன்னும் வெளியே தெரிகிறது. சின்ன வயதில் நீ ஏறிவிட்டு இறங்கத் தெரியாமல் அழுதாயே, அந்தக் கிளை தண்ணீர் மட்டத்தில் இருக்கிறது. அப்படியென்றால் வரப்புக்கு மேலே எவ்வளவு தண்ணீர் என்று எனக்குத் தெரியாதா? தக்கையை அதற்குச் சரியாகக் கட்டினேன். கட்டியது எல்லாம் சரி. மீன்தான் வரவில்லை.

ஏன் வரவில்லை என்பதைச் சொன்னால் நீ சிரிப்பாய், சிரி. ஏரி வற்றுகிற காலத்தில் ஊரோடு இறங்கித் தண்ணீரைக் கலக்கிக் கலக்கித்தானே நாம் மீன் பிடித்திருக்கிறோம்? சேறு கலங்கினால் மீன் மூச்சுக்கு மேலே வரும், கூடையைப் போட்டு அமுக்குவோம். அந்தப் புத்தியில் முதலில் இடுப்பளவுக்கு இறங்கி, காலால் நன்றாகக் கலக்கிவிட்டு, அப்புறம் கரையேறித் தூண்டிலைப் போட்டேன். தினமும் அப்படித்தான் செய்தேன். அணை மீன் காவல்காரர் வெங்கடசாமி, சீட்டு இருக்கிறதா என்று கேட்க வந்தவர், சீட்டைக் கேட்பதையே மறந்துவிட்டு நின்று பார்த்தார். “என்னா தாத்தா, மீனுங்கள எல்லாம் சேலத்துக்குத் தொரத்திட்டு யாருக்குத் தூண்டி போடற?” என்றார்.

இனிமேல் கலக்க மாட்டேன். எந்த இரை போட வேண்டும் என்று உடனே எழுது. உன் தங்கச்சிக்கு நாள் தள்ளக்கூடாது.

இப்படிக்கு, உன்னைக் கேட்டுக்கொண்டிருக்கும் கரியப்பன்.


(இரண்டாவது)

புரட்டாசி பிறந்து, மேட்டு நிலத்துக்காரர்கள் ராகிக்குக் களை எடுக்கிற சமயம்.

மச்சான் ராமப்பனுக்கு, புதுக் குடியிருப்பிலிருந்து கரியப்பன்.

இருமலை முதல் வரியில் எழுதினாய், நல்லது. ஆனால் ‘அப்படியேதான்’ என்று ஒரே வார்த்தை. அப்படியே என்றால் எப்படியே?

மண்புழு போடு என்று எழுதியிருந்தாய். போட்டேன். ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் எருக்குழி ஒன்றில் தோண்டி, ஈர மண்ணோடு சட்டியில் வைத்து, புழுவைப் பாதி கோர்த்துப் பாதி துடிக்க விட்டுப் போட்டேன். தக்கை ஆடினதும் இழுத்தேன், ஒன்றும் இல்லை. ஆடுவது ருசி பார்ப்பது, முழுகுவதுதான் விழுங்குவது என்று நீ எழுதியது அப்புறம் ஞாபகம் வந்தது. அடுத்த முறை முழுகும்வரை கழியை அசைக்காமல் இருந்தேன். கெளுத்தி ஒன்று வந்தது. முழங்கை நீளம் இல்லை, ஆனால் கொழுத்தது. கையில் முள்ளை ஏற்றிவிட்டது. வலி தோளுக்கு ஏறினாலும் அதைப் பிடித்துக்கொண்டு குடியிருப்பின் நடுத்தெருவிலேயே வந்தேன், எல்லாரும் பார்க்கட்டும் என்று.

உன் தங்கச்சி ஆய்ந்து, புளி கரைத்து, நன்றாகக் குழம்பு வைத்தாள். எனக்கு ஊற்றினாள். அவள் தட்டில் களியும் உப்பும் மிளகாயும்.

“நீ தின்னு, ஒனக்குத்தான் புடிச்சது” என்றேன்.

“எந்தப் பக்கம் புடிச்ச?” என்றாள்.

“மேட்டுக்காட்டுப் பக்கம். சுடுகாட்டுக்கு நான் போகவே இல்ல, அது ஆத்தோரம், ரொம்ப தூரம்.”

“தண்ணிக்கு வரப்பு இருக்குதா?” என்றாள்.

மச்சான், அவள் சொல்வது உனக்குப் புரியும். உங்கள் அம்மா அங்கேதான் கிடக்கிறாள். எங்கள் மகன் சென்னப்பனும் அங்கேதான். அவனைப் புதைத்த இடத்தில் நீயும் மண் தள்ளினாய். அந்தத் தண்ணீரில் வளர்ந்த மீன் யாரைத் தின்று வளர்ந்தது என்று கேட்கிறாள். அதிலும் மண்புழு மண்ணைத் தின்பது, அதைப் போட்டா பிடித்தாய் என்று சட்டியைத் தூக்கி வெளியே வைத்துவிட்டாள். அத்தனை வருஷம் ஆயிற்று, அங்கே ஒன்றும் மிச்சம் இருக்காது என்று சொன்னேன். சொல்லியிருக்கக்கூடாது. இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

பாயின் வீட்டம்மா அஸ்மத்தும் வந்து சொல்லிப் பார்த்தாள். எங்கள் பெரியவர்களின் கபருஸ்தானும் அதே தண்ணீருக்குள்தான் இருக்கிறது, நாங்கள் தின்னவில்லையா, கண் வேணுமாக்கா என்றாள். “நீ தின்னு தாயி. ஒன்ன நான் ஒண்ணும் சொல்லலியே” என்று அவளுக்கே ஒரு கிண்ணம் குழம்பு ஊற்றி அனுப்பிவிட்டாள்.

போன வாரம் பொழுது சாய்கிற நேரத்தில், கொதிக்கிற களிப் பானையை இறக்குவதற்கு அடுப்பைத் தேடி நெருப்பில் கை வைத்துவிட்டாள். இடது உள்ளங்கை கொப்பளித்துவிட்டது. மறுபடியும் ஆஸ்பத்திரி. கைக்கு மருந்து போட்டுவிட்டு, டாக்டர் கண்ணைப் பார்த்தார். வலது கண்ணின் வெள்ளைப் பகுதியில் சோப்பு நுரை மாதிரி ஒரு திட்டு. அது ஓரத்தில்தான் இருக்கிறது, கருவிழிக்கு இன்னும் வரவில்லை என்றார். மீன் கொடுத்தாயா என்று என்னைக் கேட்டார். பிடித்தேன் என்று சொன்னேன்.

இன்னொன்று. உன் முள் ஒன்று போய்விட்டது. சற்று எட்டிப் போட்டேன், கள்ளி வேலியில் மாட்டிக்கொண்டது. மேட்டுக்காட்டுக்கு அந்த வேலியை நட்டவன் நான்தான். ஆடு நுழையாத வேலி என்று பெருமையாகச் சொல்லிக்கொள்வேன். எவ்வளவு இழுத்தும் விடவில்லை, நூலை அறுத்தேன்.

புழு இல்லாமல், பூச்சி இல்லாமல், உயிர் எதுவும் இல்லாமல் போடுகிற இரை ஏதாவது உண்டா என்று எழுது. அவள் தின்கிறாளோ இல்லையோ, புழுவை மட்டும் இனித் தொட மாட்டேன்.

பாய் இந்தப் பக்கத்தில் இடம் இல்லை என்கிறார். உன் பதிலைச் சம்பங்கியின் பஸ்ஸிலேயே கொடுத்துவிடு, தபாலைவிட அவன் வேகம்.

கரியப்பன்.


(மூன்றாவது)

கார்த்திகை. ஐப்பசி மழையில் தண்ணீர் ஏறி, நாவல் மரத்தின் தலையும் முழுகிப் பதினைந்து இருபது நாள் இருக்கும்.

மச்சான் ராமப்பனுக்கு, கரியப்பன் சொல்வது. இந்தக் கடிதம் கொஞ்சம் நீளம். பாய் ஒரு பாவாடைத் துணியை மெஷினில் பாதியில் விட்டுவிட்டு வந்திருக்கிறார். அந்தப் பாவாடைக்காரி வாசலில் நின்று அவரை ஏசிக்கொண்டிருக்கிறாள், அதையும் எழுதச் சொன்னேன், எழுத மாட்டேன் என்கிறார்.

நீ சொன்னபடி இரைக்குக் களிக்கு மாறினேன். பேத்தமங்கலத்தில் கெண்டைக்குக் களிதான் போடுவோம், கடலைப் பிண்ணாக்கு கொஞ்சம் சேர்த்துப் பிசை என்று நீ எழுதியதைப் பாய் படித்தபோது உன் தங்கச்சியும் கேட்டுக்கொண்டிருந்தாள். நான் ராத்திரி மிஞ்சின களியை எடுத்துப் பிண்ணாக்கைக் கலந்து உருட்டி முள்ளில் வைத்துப் போட்டேன். தண்ணீரைத் தொட்டதும் கரைந்துவிட்டது. இன்னும் கெட்டியாக உருட்டினேன், மீன் இடித்ததும் உதிர்ந்துவிட்டது. முள் வெறும் முள்ளாகத் திரும்பி வந்தது. பொழுதெல்லாம் மீனுக்குச் சோறு போட்டுவிட்டு வீட்டுக்கு வந்தேன்.

அவளுக்குக் கோபம் வந்தது எதற்கு என்று நினைக்கிறாய்? மீன் பிடித்ததற்கு இல்லை. நான் கொண்டு வந்த மிச்சத்தை விரலால் நசுக்கிப் பார்த்தாள். “இதுக்குப் பேரு களியா? கட்டி கட்டியா மாவு நிக்குது. மீனு துப்பாம என்னா பண்ணும்?” என்றாள். அவள் கிண்டிய களியை நான் பிசைந்து கெடுத்துவிட்டேனாம். ஆத்துக்கொட்டாயில் சென்னம்மா கை களி என்றால் கல்யாண வீட்டுக்காரன் வண்டி கட்டிக்கொண்டு வருவான். மீன்கூட அவள் களியைக் குறை சொல்லக்கூடாது.

மறுநாள் அவளே செய்தாள். ராகி மாவைக் கொதியில் போட்டுக் கிண்டி இறக்கினதோடு விடவில்லை. ஆறவைத்து, பிண்ணாக்குப் பொடியோடு பிசைந்து, துணியில் கட்டி ஆவியில் மறுபடியும் வேகவைத்தாள். பாயின் வீட்டிலிருந்து மெத்தைக்குப் போடுகிற பஞ்சு ஒரு பிடி வாங்கி, பிய்த்துப் பிய்த்து மாவுக்குள் தேய்த்தாள். புண் ஆறாத இடது கையை விலக்கி வைத்துக்கொண்டு வலது கையால் மட்டும். கடைசியில் நெல்லிக்காய் அளவு உருண்டை. முள்ளில் குத்தினால் ரப்பர் மாதிரி பிடித்துக்கொண்டது. தண்ணீரில் வெகுநேரம் கிடந்தும் கரையவில்லை.

நீ எழுதிய இன்னொன்றும் அவளுக்குப் பிடித்துப்போயிற்று. ஒரே இடத்தில், ஒரே நேரத்தில், முள் இல்லாமல் தினமும் இரையைத் தூவி மீனைப் பழக்கு, அப்புறம் தூண்டில் போடு என்றாயே. அதைத் தானே செய்கிறேன் என்றாள். பகலில்தான் அவளுக்குக் கண் தெரிகிறதே. வெயில் ஏறினதும் முந்தானையில் களி உருண்டையைக் கட்டிக்கொண்டு வண்டிப்பாட்டை முனைக்கு வருவாள். என்னை நகரச் சொல்லிவிட்டு, கோழிக்கு இரைக்கிற மாதிரி உதிர்த்து உதிர்த்துப் போடுவாள். “எந்த எடத்துல போடறன்னு தெரியுதா?” என்று ஒருநாள் கேட்டேன். “நம்ம மாட்டுத்தொட்டி இருந்த எடம். எனக்குத் தெரியாதா?” என்றாள். சரியான இடம்தான், மச்சான். மாட்டுக்கு அவள் கழுநீர் ஊற்றிய கல் தொட்டிக்கு நேர் மேலே.

நாள் செல்லச் செல்ல, அவள் போய் நின்றதுமே தண்ணீரின் மேலே குமிழி வர ஆரம்பித்தது. “வந்துட்டாங்க பாரு” என்பாள். ஒருநாள் உடம்பு சரியில்லை, நான் போய்ப் போட்டேன். திரும்பி வந்தபோது, எத்தனை வந்தன, நன்றாகத் தின்றனவா என்று நெடுநேரம் விசாரித்தாள். பிடிக்கட்டுமா என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. கடைசியில் அவள்தான், “எத்தினி நாளக்கித்தான் சும்மா ஆக்கிப் போடறது? போடு தூண்டிய” என்றாள்.

போட்டேன். தக்கை ஆடவில்லை, நேராக முழுகிவிட்டது. கழி வளைந்த வளைப்பில் நுனி தண்ணீரைத் தொட்டது. இழுக்காதே, ஓடவிடு, களைத்தபின் கொண்டு வா என்று நீ எழுதினதெல்லாம் அந்த நேரத்தில் எங்கே ஞாபகம் இருக்கிறது? கிணற்றில் வாளி இழுப்பதுபோலக் கழியைத் தோளில் போட்டுக்கொண்டு கரைமேல் ஏறி நடந்துவிட்டேன். பின்னாலேயே வழுக்கிக்கொண்டு வந்து சேர்ந்தது. தங்க நிறத்துச் செதில், பெரிய கெண்டை. பாய் கட்டிய முடிச்சு அப்படியே நிற்கிறது. அவரிடம், “கூலி கேட்டா மீனு குடுக்கறேன்” என்றேன்; “தலைய மட்டும் குடுங்க” என்றார்.

உன் தங்கச்சி உச்சி வெயிலில், வெளிச்சத்தில் உட்கார்ந்து ஆய்ந்தாள். வழக்கம்போல எனக்கு மட்டும்தான் என்று நினைத்து நான் ஒதுங்கிப் படுத்துவிட்டேன். கொஞ்ச நேரத்தில் கூப்பிட்டாள். “இங்க வா” என்று ஒரு சத்தம். கை எங்காவது வெட்டுப்பட்டதா என்று ஓடினேன். மீனின் குடலைக் கீறி வைத்திருக்கிறாள். உள்ளே கறுப்பாக, உருண்டை கலையாமல், பஞ்சு இழையோடு நம் வீட்டுக் களி. அதற்குப் பின்னால், முந்தின நாள் அவள் போட்டதும் பாதி அரைபட்டுக் கிடக்கிறது. விரலால் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். வேறு ஏதாவது இருக்கிறதா என்று கடைசி வரைக்கும் கீறிப் பார்த்தாள். வேறு ஒன்றும் இல்லை.

“நான் ஆக்கிப் போட்டதத்தான் தின்னுருக்குது” என்றாள்.

“ஆமா” என்றேன்.

“வேற எதயும் தின்னல.”

“தின்னல.”

மச்சான், அந்த மீன் அதற்கு முன்னால் என்ன தின்று வளர்ந்தது என்று எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். நம் ராகி அதன் வயிற்றுக்குப் போனது கொஞ்ச நாளாகத்தான். ஆனால் குழம்பு கொதித்ததும் இரண்டு தட்டு எடுத்து வைத்தாள். முதல் துண்டை ஓர் இலையில் வைத்து, தண்ணீர் ஓரத்தில் கொண்டுபோய் வைத்துவிட்டு வந்தாள். யாருக்கு என்று நான் கேட்கவில்லை. அப்புறம் உட்கார்ந்து தின்றாள். முள்ளை எல்லாம் வரிசையாகத் தட்டின் ஓரத்தில் எடுத்து வைத்துத் தின்றாள். “உப்பு கொஞ்சம் கம்மி” என்றாள்.

அன்றிலிருந்து வாரத்துக்கு இரண்டு மூன்று தடவை மீன்தான். குடலைக் கீறிப் பார்த்து, களி இருந்தால் தட்டில் வைக்கிறாள். வேறு ஏதாவது இருந்தால் பாய் வீட்டுக்குப் போகிறது. முருங்கையும் துளிர்த்திருக்கிறது, அதையும் பறித்துப் போடுகிறேன். போன வெள்ளிக்கிழமை ஆஸ்பத்திரியில் காட்டினோம். இடது கண் தேறியிருக்கிறது, விளக்கு வெளிச்சத்தில் என் உருவம் தெரிகிறது என்கிறாள். வலது கண்ணில் கருவிழியின் நடுவிலேயே வெள்ளை விழுந்துவிட்டது. முன்னாலேயே தின்ன ஆரம்பித்திருந்தால் என்று டாக்டர் ஆரம்பித்தார். ஜோதியம்மாள் அவரைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார். அந்தக் கண் போனது போனதுதான். இருப்பதைக் காப்பாற்ற வேண்டும், அதுவும் வயதான கண், எவ்வளவு நாளைக்கு என்று சொல்ல முடியாது என்றார்கள்.

இதை அவளிடம் நான் சொல்லவில்லை. ஆனால் திரும்பி வரும்போது பஸ்ஸில் அவளாகவே, மாரிக்குப்பத்திலிருந்து குப்பத்துக்கு ரயில் எத்தனை மணிக்கு என்று கண்டக்டர் சம்பங்கியிடம் விசாரித்தாள். எனக்குக் காது மந்தம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள்.

மச்சான், ‘ஊரே இல்லை, எந்த ஊருக்கு வருவது’ என்று நீ போன கடிதத்தில் கேட்டிருந்தாய். நியாயம். இங்கே உனக்கு அடையாளம் தெரிகிற சுவர் ஒன்றுகூட இல்லை. உன் இருமலோடு பிரயாணம் கஷ்டம் என்பதும் எனக்குத் தெரியும். நீ எழுதாததும் பாய் படிக்கும்போது எனக்குக் கேட்கிறது. இருந்தாலும் வா. விடிகாலை வண்டியில் ஏறி, பங்காருப்பேட்டையில் மாறி, குப்பத்தில் இறங்கினால் சம்பங்கியின் பஸ் நிற்கும். முன் சீட்டில் உட்கார வைத்துக் கூட்டி வருகிறேன் என்று சொல்லியிருக்கிறான். மாலை வண்டியில் வராதே. பொழுது சாய்ந்து நீ வந்தால் அவள் உன் முகத்தைத் தடவித்தான் பார்க்க வேண்டியிருக்கும். பகலில் வா. வெயில் நன்றாக இருக்கும்போது வா.

இங்கே எல்லாரும் அவளை ‘கரியப்பன் வூட்டம்மா’ என்கிறார்கள், இல்லையென்றால் அக்கா, ஆயா. நான் கட்டிய நாளிலிருந்து பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை, அது உனக்குத் தெரியும். சென்னி என்று அவளைக் கூப்பிட்டவர்கள் உங்கள் அம்மா, உங்கள் சின்னம்மா மாரம்மா, பக்கத்துக் காட்டு நாராயணம்மா, கூட விளையாடின காவேரி. அம்மா தண்ணீருக்குள். மாரம்மா பஞ்ச வருஷத்திலேயே போய்விட்டாள். நாராயணம்மா இங்கே வந்த முதல் கோடையில் போனாள். காவேரி போன மாதம் ராயக்கோட்டையில் மகள் வீட்டில் போய்விட்டாள் என்று நேற்றுத்தான் சேதி வந்தது. உன் தங்கச்சியிடம் இன்னும் சொல்லவில்லை. நீ வந்த பிறகு சொல்லிக்கொள்ளலாம்.

இனி அவளை அப்படிக் கூப்பிட உயிரோடு இருப்பவன் நீ ஒருத்தன்தான், ராமப்பா.